வலக்கரை

சனிக்கிழமை காலை பத்து இருபத்தைந்துக்குக் கைபேசி அடித்தபோது, அளவுகோல் ஏழாம் மதகின் நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அளவுகோல் என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். கால்வாய் அலுவலகத்தில் மதகுப் பிரிவு மேற்பார்வையாளர், பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு என்று எழுதவேண்டிய இடத்தில் யாராவது கை போன போக்கில் ஒன்றரை மீட்டர் என்று எழுதிவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான். பெயரை முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அழைத்தது நாத்தனார், அதாவது அவள் கணவனின் அக்கா. ஒரே வீட்டில் அவர் மாடியிலும் இவர்கள் கீழேயும் இருக்கிறார்கள். இருந்தும் அவர் இவளுக்கு நேரடியாகப் போன் செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எது சொல்வதானாலும் தம்பி வழியாகத்தான். ஆகவே திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே அளவுகோல் பேனாவை வைத்துவிட்டு எடுத்தாள்.

"நான்தான்மா. சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டேன். கால் முட்டி நகந்துபோச்சு, எழுந்திரிக்க முடியல. காப்பகத்துக்குள்ள இருக்கேன். வலக்கரை. கேக்குதா? வலக்கரை."

"கேக்குதுக்கா. எந்த இடம்? பக்கத்துல என்ன இருக்கு?"

பதில் வரவில்லை. ஒரு இரைச்சல் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. திரும்ப அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொன்னது. நாலு தடவை முயன்றாள், நாலு தடவையும் அதேதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கால்வாய் அலுவலகத்தில் வலக்கரை, இடக்கரை என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் இருப்பது வலக்கரை, இடது கைப் பக்கம் இருப்பது இடக்கரை. நீங்கள் எந்தப் பக்கம் நடந்தாலும், தலைகீழாகவே நின்றாலும், அது மாறாது. ஆவணங்களில், வரைபடங்களில், மதகுகளின் இரும்புப் பலகைகளில் எல்லாம் அப்படித்தான். கிழக்கு, மேற்கு என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். பறவைக் காப்பகத்துக்குள் அந்தக் கால்வாய் பழைய ஆற்றுத் தடத்தில் வளைந்து வளைந்து போகிறது. அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை கிழக்கே மேற்காகிவிடும்.

சைக்கிள்காரர்களுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. அவர்களுக்கு வலது என்றால் ஹேண்டில்பாரின் வலது. நாத்தனார் சைக்கிள்காரர். நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை போடும் வேலை, ஐம்பத்திரண்டு வயது. வார நாட்களில் வாய் திறந்து பேசினால் அதிசயம். சனிக்கிழமை வந்துவிட்டால் சரளைப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளை மாடியிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார். வளைந்த ஹேண்டில்பார், தடித்த டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்து விட்டிருப்பார். தார் ரோட்டைத் தொடுவதையே பாவம் என்று நினைப்பவர். வயல்வெளிக்கு நடுவே போகும் மண்பாதை, சதுப்பு நிலத்து ஓரம், கால்வாய்க் கரைச் சரளை என்று அந்தத் தட்டை நாட்டை ஒரு இண்டு இடுக்கு விடாமல் ஓட்டிப் பார்த்திருக்கிறார். எந்தப் பாதையில் சரளை பொடியாக இருக்கிறது, எதில் கல் பெரிதாகக் கிடந்து டயரைக் கிழிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அதையெல்லாம் தொகுத்து இருபத்திரண்டு பாதைகளுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். அங்கேதான் சனி பிடித்தது.

அச்சுக்குப் போகுமுன் அளவுகோலிடம்தான் கொடுத்தார். "கால்வாய் சமாச்சாரம் நிறைய வருது, உனக்குத்தான் தெரியும், ஒரு பார்வை பாத்துக் குடு" என்று ஆசையாகத்தான் கொடுத்தார். அளவுகோல் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அவர் "வலது பக்கம்" என்று எழுதியிருந்த இடமெல்லாம் அடித்துவிட்டு, நீரோட்டம் பார்த்து "வலக்கரை" என்றோ "இடக்கரை" என்றோ எழுதினாள். மொத்தம் நாற்பத்தொரு இடம். பாதைகளைப் பற்றி, அந்தப் புத்தகத்தைப் பற்றி, நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நாத்தனார் தாள்களைப் புரட்டிப் பார்த்தார், முகம் சிவந்தது. "சைக்கிள்ல போறவனுக்கு அவன் வலது கைதான் வலது. உங்க ஆபீஸ் சட்டத்தை எல்லாம் அவன் தலையில கட்டாதே" என்றார். ஒரு திருத்தத்தைக்கூட ஏற்கவில்லை. நாற்பத்தொரு இடமும் அப்படியே அச்சானது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. புத்தகம் வந்த மாதத்தில் அதே பாதையைத் திரும்பும் திசையில் ஓட்டிய இரண்டு பேர் கரை மாறிப்போய்ப் பூட்டிய கதவு ஒன்றின் முன் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்த ஒரு மதியம், அளவுகோல் எல்லோர் முன்னாலும், "அக்கா புக்கைப் படிச்சிட்டுப் போனவங்க இன்னும் வீடு திரும்பலையாம்" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. நாத்தனாரும் சிரித்தார், பிறகு மாடிக்குப் போனார். அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் தம்பிதான் தபால்காரன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் அந்த மனிதன், "நான் ரெண்டு பேருக்கும் ரெண்டு கண்ணாடி செஞ்சு தரேன், ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கங்க" என்று சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை. நாத்தனார் காலையில் நகரத்திலிருந்து கிளம்பி, தண்ணீர் வரும் திசையை நோக்கி மேலே ஓட்டிப் போனார் என்பது அளவுகோலுக்குத் தெரியும். காப்பகம் மேலேதான் இருக்கிறது. அப்படியானால் அவருடைய வலது கை, அலுவலகக் கணக்கில் இடக்கரை. அவர் சொன்னது வலக்கரை. அவர் எந்த வலதைச் சொன்னார்?

இதை யோசிக்க அவளுக்கு மூன்று விநாடி ஆகியிருக்காது. அவராவது, மாற்றிக்கொள்வதாவது. நாற்பத்தொரு இடத்தில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷி, முட்டி பெயர்ந்து கிடக்கும்போதா அலுவலகச் சட்டத்தை ஞாபகம் வைத்துப் பேசப் போகிறார்? ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து, "காப்பகத்துக்குள்ள, கால்வாயோட இடக்கரை. தெக்கு வாசல்ல நான் சாவியோட நிக்கிறேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. பதற்றத்திலும் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டோம் என்று ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. பின்னால் எதை மறந்தாலும் அந்தத் திருப்தியை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

ஜீப்பை எடுத்தாள். கூடவே மதகு திறக்கும் ஊழியர் ஏறிக்கொண்டார். ஆறடி மூன்று அங்குலம், நீண்ட கழுத்து, ஆகவே அவருக்கு ஒட்டகம் என்று பெயர். தெற்கு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் வந்த மருத்துவ உதவியாளர் நாற்பது வயதுப் பெண், பேச்சில் சிக்கனம். கைபேசி கோபுரத்தை வைத்து இடம் தெரியுமா என்று அளவுகோல் கேட்டாள். அந்த அம்மாள் ஒரு படத்தைக் காட்டினாள். அந்தத் தட்டை நிலத்தில் இருப்பது ஒரே கோபுரம். அது காட்டிய வட்டத்துக்குள் காப்பகத்தின் முக்கால்வாசி அடங்கியது, இரண்டு கரைகளும் அடங்கின.

"ரெண்டு பக்கமும் பாக்கணுமோ?" என்றாள் உதவியாளர்.

"தேவையில்ல. எந்தப் பக்கம்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்."

ஒட்டகம் தலையைச் சொறிந்தார். "மேடம், எதுக்கும் நான் வாசல் காவலாளோட பைக்கை எடுத்துக்கிட்டு வலக்கரைப் பக்கம் ஒரு நடை போய்ட்டு வந்துடட்டுமா?"

"வேண்டாம். கதவைத் திறக்க நீங்க இங்க வேணும். எனக்கு அவங்களைத் தெரியும்."

கதவைத் திறக்க அவர் வேண்டியதில்லை. சாவிக்கொத்து அவள் கையில்தான் இருந்தது.

காப்பகத்துக்குள் கால்வாய் பதினொரு கிலோமீட்டர். இந்த முனையில் ஒரு பாலம், அந்த முனையில் ஒரு பாலம், நடுவில் கடக்க வழியில்லை. இரண்டு ஓரத்திலும் நாணல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. சரளைப் பாதை அதற்கு நடுவே ஏழடி அகலத்துக்குத் தெரியும். ஜீப் போகலாம், ஆனால் நடக்கிற வேகத்தில்தான் போகலாம். மூன்றாவது கதவுக்கு அப்பால் மண் இளகிக் கிடந்ததால் ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றுவிட்டது. உதவியாளர் பையோடு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தினார்கள். இறங்கினார்கள், ஹாரன் அடித்தார்கள், கத்தினார்கள், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். "அக்கா" என்று அளவுகோல் கத்தும்போதெல்லாம் நாணலிலிருந்து பறவைக் கூட்டம் எழும்பும். அதன் சிறகடிப்பு அடங்குவதற்குள் அரை நிமிடம் போய்விடும். ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் எட்டிப் பார்த்தார்கள். சைக்கிள் டயர்த் தடம் ஒன்று கிடைத்தது. அளவுகோல் மண்டியிட்டுப் பார்த்தாள். தடித்த டயர்தான். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பறவை பார்க்கும் குடிலின் பின்னால் போய் அது திரும்பிவிட்டது. யாரோ நேற்று வந்து போயிருக்கிறார்கள்.

கணவன் நாலு முறை போன் செய்தான். முதல் மூன்று முறையும் "தேடிக்கிட்டு இருக்கோம்" என்றாள். நாலாவது முறை எடுக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு வடக்கு முனை வந்துவிட்டது. நாத்தனார் இல்லை. எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் பாலத்தைத் தாண்டி அடுத்த கரைக்குப் போயிருப்பான். அளவுகோல் போகவில்லை. தன் கணக்கில் தப்பு இருக்கலாம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. வந்ததெல்லாம் வேறொரு பயம். "தண்ணிக்குள்ள சரிஞ்சிருப்பாங்களோ" என்றாள். ஜீப்பைத் திருப்பி, வந்த வழியே, இந்த முறை நாணலை விலக்கி விலக்கி நீர் விளிம்பு வரை போய்ப் பார்த்தார்கள். முழங்கால் வரை சேறு, கையெல்லாம் கீறல். ஒரு நீலத் துணி மிதப்பதைப் பார்த்து அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். உரச் சாக்கு.

அந்தச் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கரையேறியபோது மணி ஒன்று ஐம்பது. ஒட்டகம் அவளைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. அவங்க போன்ல என்ன வார்த்தை சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுங்க."

"காப்பகத்துக்குள்ள இருக்கேன்னாங்க. வலக்கரைன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க."

"வலக்கரைன்னா சொன்னாங்க? இல்ல வலது பக்கம்னா?"

"வலக்கரை."

"சைக்கிள்காரங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்களே மேடம். வலது பக்கம்பாங்க. வலக்கரைங்கிறது நம்ம ஆபீஸ் வார்த்தை" என்றார் ஒட்டகம்.

நாற்பத்தொரு இடத்திலும் "பக்கம்" என்று எழுதிய பெண். "கரை" என்று திருத்தியதற்கு முகம் சிவந்த பெண். அவர் வாயில் அந்தச் சொல் இதற்கு முன் வந்ததே இல்லை, இன்று இரண்டு முறை வந்தது. இவள் காது இரண்டு முறையும் அதைக் கேட்டது, மனசு இரண்டு முறையும் அதைத் திருப்பிப் போட்டது. அந்த ஈரச் சாக்கைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் ஜீப்பில் ஏறினாள். பாதி வழியில் உதவியாளர்தான் அதை அவள் மடியிலிருந்து எடுத்து வெளியே எறிந்தாள்.

தெற்குப் பாலம் சுற்றி வலக்கரையில் நாலு கிலோமீட்டர் போனதும், சதுப்பின் உபரித் தண்ணீர் கால்வாயில் வந்து விழும் சிமெண்டுப் படிகளுக்குக் கீழே, நீர் விளிம்பில் நாத்தனார் கிடந்தார். தண்ணீர் படியில் விழும் சத்தம் அங்கே காதை அடைத்தது. சைக்கிள் மேலே பாதையோரம் நாணலில் செருகிக்கொண்டு நின்றது. அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கைபேசி உடைந்து பக்கத்தில் கிடந்தது.

"ரெண்டு தடவை ஜீப் அந்தப் பக்கம் போச்சு" என்றார். குரலே இல்லை, கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. "ஹாரன் கேட்டுச்சு. நீ கூப்பிட்டதும் கேட்டுச்சு."

அளவுகோல் அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உதவியாளர் காலணியைக் கழற்றிப் பாதத்தைத் தொட்டாள், விரலை அழுத்தி விட்டாள், மறுபடி அழுத்தினாள். பாதம் வெள்ளையாக இருந்தது.

"எத்தனை மணிக்கு விழுந்தீங்க?"

"பத்தேகால் இருக்கும்."

உதவியாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அளவுகோலைப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர மூன்றே முக்கால் ஆனது. முட்டி பெயர்ந்ததில் அதற்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் நசுங்கி அடைத்துவிட்டது என்றார் அறுவை மருத்துவர். ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப ஓடியாக வேண்டும், அதைத் தாண்டினால் உத்தரவாதம் இல்லை. கத்தி வைக்கும்போதே ஆறேகால் மணி நேரம் ஆகியிருந்தது. வேறொரு குழாயை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை வரை விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை, உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, முட்டிக்கு மேலே காலை எடுத்தார்கள். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பேச்சே வேற" என்று மருத்துவர் தம்பியிடம் சொன்னார். நல்ல மனுஷர்தான், ஆனால் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த நாட்களில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தம்பி ஒரே பதிலைச் சொன்னான். "வலியில அக்கா கரையை மாத்திச் சொல்லிட்டாங்க. பாவம், இவ அந்தப் பக்கம் முழுக்க நாய் மாதிரி அலைஞ்சிருக்கா." அவனுக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. நடந்ததை வைத்து அவனாகவே அப்படி எடுத்துக்கொண்டான். மனைவியின் கையில் இருந்த கீறல்களைப் பார்த்த யாரும் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அளவுகோல் பக்கத்தில்தான் நின்றாள். முதல் தடவை அவன் சொன்னபோது வாயைத் திறந்தாள், மென்று விழுங்கினாள். இரண்டாம் தடவை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அது பழகிப்போனது.

சைக்கிள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பழங்களோடு வந்தார்கள். வராந்தாவில் நின்று, "அவங்க புக்குலயே அந்த வலது இடது குழப்பம் உண்டே" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். மற்றவன், "வழி சொல்றவங்களுக்கே இப்படி ஆச்சு" என்றான். இருவரும் நல்லவர்கள், வருத்தத்தோடுதான் சொன்னார்கள். அளவுகோலுக்கு அவர்கள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. பேசாமல் பழத்தை வாங்கிக்கொண்டாள்.

அலுவலகத்தில் ஒட்டகம் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் முன்பெல்லாம் அவள் நீர்மட்டம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுவார், இப்போது சொல்லிவிட்டு அவள் எழுதும் வரை நின்று, எழுதியதைப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலைதான் நாத்தனாருக்குத் தெளிவாகப் பேச முடிந்தது. தம்பி மருந்துக் கடைக்குப் போயிருந்தான். நாலு கட்டில் போட்ட அந்த அறையில் மற்றவர்கள் தூங்கினார்கள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. அளவுகோல் அந்தத் தட்டையான பக்கத்தைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் மாத்திச் சொல்லிட்டேனாமே" என்றார் நாத்தனார். "தம்பி சொன்னான். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். சரியாச் சொன்ன மாதிரிதான் ஞாபகம் இருக்கு. ஆனா அந்த வலியில வாயில என்ன வந்துச்சோ. என் ஞாபகத்தையே நம்ப முடியல."

அளவுகோல் ஜன்னலையே பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் வழி எழுதினேன். என் வழியை ஒழுங்காச் சொல்லத் தெரியாமக் காலைத் தொலைச்சேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீ அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது சரிதான்மா. எனக்கு அப்போ கோபம் வந்துச்சு. அந்தப் புத்தகத்தை இனி யாரும் வாங்க வேண்டாம்னு சங்கத்துல சொல்லிடப் போறேன். எவனாவது அதைப் படிச்சிட்டுப் போய் எங்கயாவது கிடந்தா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

சொல்லாமல் விட்டுவிடலாம். இவளைத் தவிர ஒட்டகத்துக்கும் அந்த உதவியாளருக்கும்தான் தெரியும்; உதவியாளர் இந்தப் பக்கம் வரப் போவதில்லை, ஒட்டகம் சாகும்வரை சொல்ல மாட்டார். நாத்தனாரே தன் மேல் பழியை இழுத்துப் போட்டுக்கொண்டாகிவிட்டது, கணவன் நம்பிவிட்டான், ஊரும் நம்பிவிட்டது. இனிமேல் மாடிப்படியில் சக்கர நாற்காலியா, கீழ் அறையை ஒழித்துக் கொடுப்பதா என்று அக்கறையாகப் பேசிக்கொண்டு நல்ல நாத்தனாரும் நல்ல தம்பி மனைவியுமாகக் காலத்தை ஓட்டிவிடலாம். இதெல்லாம் அளவுகோலுக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் காலையும் கொடுத்துவிட்டு, புத்தியிலும் கோளாறு என்று நம்பிக்கொண்டு அந்தப் பெண்மணி படுத்திருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நீங்க மாத்திச் சொல்லல. வலக்கரைன்னுதான் சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

நாத்தனார் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் ஏன் அந்தப் பக்கம் போனே?"

"நீங்க உங்க வலது கையைச் சொல்றீங்கன்னு நெனச்சேன். புக்குல எழுதின மாதிரி. நானே அதை மாத்திக்கிட்டேன். எங்க மதகு திறக்கிறவர் உங்க பக்கம் போய்ப் பாக்கறேன்னார். வேண்டாம்னுட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ புரண்டு படுத்தார்கள்.

"உன்கிட்டப் பேசும்போது நான் எதுக்கும்மா என் வலதைச் சொல்லப் போறேன்?" என்றார் நாத்தனார். "உனக்குப் புரியணுமேன்னுதானே உன் வார்த்தையைச் சொன்னேன். படியில தண்ணி கொட்டினாலும், கால்வாய் எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியல, அவ்வளவு மந்தம். விழுந்த வேகத்துல எனக்குத் திசையும் குழம்பிப்போச்சு. தப்பாச் சொல்லிடக் கூடாதுன்னு ஒரு புல்லைக் கிள்ளித் தண்ணியில போட்டு, அது எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்துக்கிட்டே கிடந்தேன். நகர அவ்வளவு நேரமாச்சு. பாத்துட்டுத்தான் உனக்குப் போன் பண்ணேன்."

"நீங்க எனக்காக மாத்திச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லக்கா" என்றாள். அது சப்பைக்கட்டு இல்லை, அவளிடம் இருந்த உண்மை அவ்வளவுதான்.

"அவ்வளவு மோசமாவா இருந்தேன் நான் உனக்கு?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அழுதாள். நாத்தனார் அழவில்லை, அவளைத் தேற்றவும் இல்லை. கையை நீட்டி மேஜை மேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுக்கப் பார்த்தார். அளவுகோல் எழுந்து எடுத்துக் கொடுக்கப் போனாள். "நானே எடுத்துக்கிறேன்" என்றார். எட்டி எடுக்க அவருக்கு நேரமானது. குடித்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சங்கத்துக்காரங்களுக்கு?"

"தெரியாது."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி மருந்துப் பையோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அக்கா பேசுவதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "பரவால்லையே, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கீங்களா?" என்றான்.

"இங்க வந்து உக்காருடா" என்றார் நாத்தனார். "உன் பொண்டாட்டி உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். இவளே சொல்லட்டும். நான் கேக்கணும்."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான், தட்டையாக இருந்த பக்கத்தில். பையை மடியில் வைத்துக்கொண்டான். அளவுகோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா சரியாத்தாங்க சொன்னாங்க" என்று ஆரம்பித்தாள்.